வெளித் தாழ்ப்பாள்

வேப்பனூத்து,
9-6-2024

அண்ணன் முத்திருளன் அவர்களுக்கு,

தங்கச்சி ஒச்சாயி எழுதுறது. நான் கைகால் சொகத்தோட இருக்கேன். நீங்களும் உங்க மக சத்யாவும் நல்லா இருக்கீங்கன்னு நம்புறேன்.

ஆறு வருசமாப் பேசாதவ எழுதுறாளேன்னு உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். ஜெயபாண்டி அப்பாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு, மாலையோட வாசல்ல நின்ன உங்களைப் பாத்து, "உங்க பீரைக் குடிச்சுத்தான் செத்தாரு, இனிமே உங்ககூடப் பேச மாட்டேன்"னு ஊரு முன்னாடி சொன்னேன். அதுல மாத்தமில்ல. பேச மாட்டேன்னுதான் சொன்னேன், எழுத மாட்டேன்னு சொல்லல. அங்கன்வாடியில ரிஜிஸ்டர் எழுதிப் பழகின கை. அதனால போனைத் தொடாம பேனாவை எடுத்தேன்.

விசயம் ஜெயபாண்டியப் பத்தித்தான். ஏப்ரல் இருவதாந்தேதி கடைசியாப் போன்ல பேசினான். நாக்கு தடிச்ச மாதிரி இருந்துச்சு. "இப்பத்தாம்மா தூங்கி எந்திரிச்சேன்"னான். அப்ப மத்தியானம் பன்னெண்டு மணி. அதோட சரி. அம்பது நாளாப் போன் அணைஞ்சு கெடக்கு. உங்க டீம் கோச் சிவபாண்டி தம்பிக்கு அடிச்சேன். "அக்கா, ஓனர்ட்டக் கேளுங்க"ன்னு சொல்லிட்டு வச்சிருச்சு.

பீர் ஆலைக்கும் நீங்கதான் ஓனர். கபடி டீமுக்கும் நீங்கதான் ஓனர். எம் மகனுக்குமா? அவன்ட்ட மூணு வருசத்துக்குக் கையெழுத்து வாங்கினதே நான் பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது.

இருவத்தெட்டாந்தேதி அவுக அப்பாவுக்குத் திதி. ரெண்டு நாளைக்கு அவனை அனுப்பி வைங்க.

இப்படிக்கு,
ஒச்சாயி


மதுரை,
14-6-2024

அன்புத் தங்கச்சி ஒச்சாயிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். கவரு மேல உன் எழுத்தைப் பாத்ததும் ஆபீஸ்ல இருந்த எல்லாத்தையும் வெளிய போகச் சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டுப் பிரிச்சேன். உன் முட்டிவலி எப்படி இருக்கு? சுகர் பாத்தியா? எனக்குப் பிரசர் மாத்திரை ஒண்ணு ரெண்டாயிருக்கு, மத்தபடி நல்லா இருக்கேன். சத்யா டீமுக்கே பிசியோதெரபிஸ்ட்டா இருக்கா. பிள்ளைங்க முட்டியும் தோளும் அவ கையிலதான்.

நீ கோவமா எழுதியிருக்க. எழுது. எழுதாம இருந்ததுக்கு இது எம்புட்டோ தேவலை.

ஒண்ணு மட்டும் நீ தெரிஞ்சுக்கணும். நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. ஆலையில ருசி பாக்கிறதுக்கு ஆள் வச்சிருக்கேன். பாரை எடுத்து நடத்தி, அப்புறம் ஆலை போட்டு, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு தானா வந்துச்சு. நான் ஆசைப்பட்டு வாங்கினது அந்தக் கபடி டீம் ஒண்ணுதான். நானும் உன் வீட்டுக்காரர் முத்துப்பாண்டியும் ஒரே டீம்ல வெளாண்டோம். நான் பாடிப் போவேன், அவன் பிடியாளு. அவன் கணுக்காலைப் பிடிச்சான்னா எதிராளி கோட்டுக்குத் திரும்பினதா சரித்திரமில்ல. அப்ப எங்க நெஞ்சுல பேரு இல்ல, பனியனே இல்ல. இப்ப நம்ம பயலுக நெஞ்சுல நம்ம பீரோட அடையாளம், செஞ்சேவல் படம் இருக்கு. பீருக்கு விளம்பரம் கூடாதுன்னு சட்டம், அதனால செஞ்சேவல் சோடான்னு போட்டிருக்கோம். சோடாவை யாரு குடிக்கிறா? சேவலைப் பாத்தா எதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆலைக்காரங்களுக்கு டீம்னா அந்தச் சேவல்தான். எனக்கு அப்படியில்ல.

ஜெயபாண்டி நல்லா இருக்கான். முழங்கால்ல லேசா வலி, அதுக்குத் தனியாப் பயிற்சி நடக்குது. கேம்ப்ல யாருக்கும் போன் கெடையாது, சூதாட்டக்காரங்க தொந்தரவு. இப்ப அனுப்பினா பயிற்சி கெட்டுப்போகும். திதிக்கு நானே அரிசி பருப்பு அனுப்புறேன்.

உடம்பைப் பாத்துக்க.

உன் அண்ணன்,
முத்திருளன்


வேப்பனூத்து,
22-6-2024

அண்ணனுக்கு,

முட்டிவலி வழக்கம்போல. சுகர் இல்ல. நீங்க மாத்திரையை விட்டுறாதீங்க.

அரிசி பருப்பு வேணாம். வேன் வந்தா திருப்பி அனுப்பிருவேன்.

ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. எம் மகனுக்கு அஞ்சு வரி. அதுலயும் "தனியாக் கண்காணிப்பு"ன்னு எழுதி, அதை அடிச்சுட்டு மேல "பயிற்சி"ன்னு போட்டிருக்கீங்க. சரியா அடிக்கல. வெளிச்சத்துல பிடிச்சா எழுத்து தெரியுது.

முழங்கால் வலிக்கு எதுக்கண்ணே கண்காணிப்பு?

அவன் கையால ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்க. நாலு வரி போதும். போன்தான கூடாது, பேனா கூடும்ல.

ஒச்சாயி


மதுரை,
30-7-2024

அன்புத் தங்கச்சிக்கு,

சொகமா இருக்கியா? மழை உண்டா அந்தப் பக்கம்? பதில் லேட்டாயிருச்சு, கோவிச்சுக்காத. சீசன் வேலை. கபடி வெளாடப் புது மேட் விரிப்பு வந்திருக்கு, தரை பஞ்சு மாதிரி இருக்கு. நம்ம காலத்துல முட்டியில தோலே இருக்காது.

திதிக்கு நான் இங்கயே முத்துப்பாண்டி படத்துக்கு மாலை போட்டேன். எங்கிட்ட ஒரு படம் இருக்கு, அலங்காநல்லூர்ல கோப்பை வாங்கினது. அவன் சிரிச்சுக்கிட்டு இருப்பான்.

நீ கேட்டபடி ஜெயபாண்டி எழுதினதை இதோட வச்சிருக்கேன். படிச்சுட்டு நிம்மதியா இரு.

அண்ணன்,
முத்திருளன்

(உள்ளே மடித்து வைத்திருந்த தாள்)

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் நலமா? மாமா என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். நல்ல சாப்பாடு கிடைக்கிறது. முழங்கால் குணமாகி வருகிறது. சீசன் முடிந்ததும் வருவேன். கவலைப்பட வேண்டாம்.

உங்கள் மகன்,
ஜெயபாண்டி


வேப்பனூத்து,
5-8-2024

அண்ணனுக்கு,

உங்களுக்கு உடம்புக்கு எப்படி? இங்க ஒரு தூத்தல் விழுந்துச்சு, அம்புட்டுத்தான்.

லெட்டர் வந்துச்சு. எழுத்து எம் மகனுதுதான். பேச்சு அவனுது இல்ல. பொறந்ததுல இருந்து அவன் என்னை "நீங்கள்"னு கூப்பிட்டதில்ல.

பேச்சை விடுங்க. நான் இருவது வருசமாப் பிள்ளைகளுக்குக் கோடு போடச் சொல்லிக் குடுக்கிறவ. நடுங்குற கையும் பழகாத கையும் எனக்குத் தெரியும். "நான் நலமாக"ன்னு தொடங்கின வரி மூணாவது வார்த்தையில கீழ இறங்கி, திரும்ப ஏறி, திரும்ப இறங்குது. புள்ளி வச்ச எடத்துல தாளு கிழிஞ்சிருக்கு. முழங்கால் வலி கைக்கு எப்படி வந்துச்சு?

எங்க வீட்டுக்காரரு கடைசி வருசம் உங்க ஆலையில சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டது இப்படித்தான் இருக்கும். அந்தச் சீட்டெல்லாம் எங்கிட்ட இருக்கு. எடுத்து வச்சுப் பக்கத்துல பாத்தேன்.

நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. எம் பிள்ளை குடிக்கிறானா? ஆமாவா இல்லையா?

பதிலுக்குக் காத்திருக்கேன்.

ஒச்சாயி


மதுரை,
10-9-2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்க அண்ணன் மக சத்யப்ரியா எழுதுறேன். நல்லா இருக்கீங்களா அத்தை? நான் எழுதுறது அப்பாவுக்குத் தெரியாது. உங்க ஆகஸ்ட் மாசக் கடிதம் அவர் மேசையில பேப்பர்வெயிட்டுக்கு அடியில இருக்கு. தினமும் எடுத்துப் படிக்கிறார். திரும்ப அங்கயே வைக்கிறார். "ஆமா"ன்னு எழுத அவருக்குக் கை வரல. அதனால நான் எழுதுறேன்.

ஆமா அத்தை.

ஜெயபாண்டி கேம்ப்ல இல்ல. காளவாசல் தாண்டி எங்க வீட்டுல, மாடி ரூம்ல இருக்கான். கதவுக்கு வெளிப்பக்கம் புதுசாத் தாழ்ப்பாள் போட்டிருக்கு.

நாகமலைப் பக்கம் டீம் ஹாஸ்டல் இருக்கு. போன சீசன் ஆரம்பிச்சப்ப அங்க சாப்பாட்டு ரூம்ல அப்பா பெரிய ஃபிரிட்ஜ் ஒண்ணு வச்சார். ஜெயிச்சாலும் பீர் கேஸ் இறங்கும், தோத்தாலும் பீர் கேஸ் இறங்கும். நிறையப் பேர் ஒரு பாட்டிலோட எந்திரிச்சிருவாங்க. ஜெயபாண்டியால முடியல. டிசம்பர்ல அரையிறுதியில அவன் கடைசி ரெய்டுல மாட்டித்தான் தோத்தோம். அதுக்கப்புறம் காலையிலயே ஆரம்பிச்சுட்டான். பிப்ரவரியில கோச் சிவபாண்டி அண்ணன் அப்பாகிட்ட வந்து, "ஐயா, அந்த ஃபிரிட்ஜை எடுத்துருங்க"ன்னார். நான் பக்கத்துல இருந்தேன். அப்பா சிரிச்சுக்கிட்டே, "நம்ம வீட்டுப் பிள்ளைகளே நம்ம சரக்கைத் தொடலேன்னா ஊர்க்காரன் எதுக்குய்யா தொடுவான்?"னு சொன்னார்.

ஏப்ரல் இருவத்திரெண்டாந்தேதி. ரெண்டு நாள் குடிக்காம இருந்து பாக்கிறேன்னு அவனே முடிவு பண்ணி, காலைப் பயிற்சிக்கு வந்தான். மேட் விரிப்பு மேல நின்னவன் அப்படியே விழுந்தான். வலிப்பு. நான்தான் தலையைப் பிடிச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு கத்தினேன். அப்பா காரை வீட்டுக்கு விடச் சொன்னார். பேப்பர்ல வந்துரும்னு பயம். பீர் முதலாளியோட சொந்தத் தங்கச்சி மகன்னு போடுவாங்கன்னு பயம். எல்லாத்துக்கும் மேல, உங்களுக்குத் தெரிஞ்சிரும்னு பயம்.

ஒரு டாக்டர் வாரத்துல ரெண்டு நாள் வர்றார். ஒரு ஆண் நர்ஸ் இருக்கார். ஜூன்ல தேறி வந்தான், தாழ்ப்பாளை எடுத்தோம். தோட்டக்காரர்கிட்டக் கெஞ்சி வாங்கிக் குடிச்சிட்டான். திரும்பவும் தாழ்ப்பாள். அந்தக் கடிதம் அப்பா சொல்லச் சொல்ல அவன் எழுதினது.

ஒண்ணைச் சொல்லாம விட்டா தப்பாயிரும். அப்பா அவனைக் கொடுமைப்படுத்தல. கதவுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்காந்து கபடிச் செய்தி வாசிச்சுக் காட்டுறார். உள்ள இருந்து பதில் வராது. இவர் வாசிச்சுக்கிட்டே இருப்பார். ஆபீசுக்குப் போறதே குறைஞ்சுபோச்சு. யாரு யாரைப் பூட்டி வச்சிருக்காங்கன்னு எனக்கே சில நேரம் குழப்பமா இருக்கு.

என்னால அப்பாவை மீறிக் கதவைத் தொறக்க முடியல. ஒரு வாட்டி போனேன், தாழ்ப்பாள்ல கை வச்சிட்டு இறங்கி வந்துட்டேன். மன்னிச்சிருங்க அத்தை.

உங்க
சத்யா


வேப்பனூத்து,
12-9-2024

முத்திருளன் அண்ணனுக்கு,

சொகம் விசாரிக்க இன்னைக்கு எனக்கு மனசில்ல.

எல்லாம் தெரிஞ்சுபோச்சு. யாரு சொன்னதுன்னு வீட்டுக்குள்ள தேடிக்கிட்டுத் திரியாதீங்க, அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

புருசன் செத்தப்ப உங்களைத் திட்டினேன். அப்புறம் மனசுக்குள்ள எனக்கே சந்தேகம் வரும். அவரு வளந்த ஆளு, ஆலையில மூட்டை தூக்கினாரு, அவராக் குடிச்சாரு, அண்ணனைச் சொல்லி என்ன பண்றதுன்னு. இவன் அப்படியா? உங்க வீட்டுச் சோறு சாப்பிட வந்த பிள்ளை. அந்த ஃபிரிட்ஜை அவன் முன்னாடி வச்சது நீங்க. எடுக்கச் சொன்னப்பச் சிரிச்சது நீங்க.

ஞாயித்துக்கிழமை காலையில வாரேன். கேட்டுல ஆளை நிறுத்தி வச்சிருந்தாலும் வருவேன். கதவைத் தொறந்து வைங்க. எம் மகனை நான் கூட்டிட்டுப் போறேன்.

ஒச்சாயி


மதுரை, கீழ்வீடு,
16-9-2024

மாடியில இருக்கிற தங்கச்சிக்கு,

ராத்திரி தூங்கினியா? அந்த ரூம்ல ஃபேன் சத்தம் போடும். தலகாணி போதலைன்னா சத்யாட்டச் சொல்லு.

ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு லெட்டர் எழுதுறேன். என்ன பண்ண, நீ வந்து ஒரு நாளாச்சு, எம் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசல. கதவுக்கு அடியில தள்ளி விடுறேன்.

நேத்து நடந்தது எனக்கு இன்னும் விளங்கல, எழுதிப் பாத்தா விளங்குமான்னு பாக்கிறேன். நீ மஞ்சப்பையோட படியேறி வந்த. நான் தாழ்ப்பாளை எடுத்தேன். "வெளிய வாடா ஜெயபாண்டி, உங்காத்தா வந்திருக்கு"ன்னேன். அவன் கட்டிலுக்கு அங்கிட்டு மூலையில உக்காந்திருந்தான். உன்னைப் பாத்தான். அழுவான், ஓடி வருவான்னு நினைச்சேன். "பூட்டுங்க மாமா"ன்னான்.

"என்னடா சொல்ற?"

"பூட்டுங்க. அம்மா கூப்பிட்டாலும் தொறக்காதீங்க. கேட்டைத் தாண்டினா நம்ம சேவல் போர்டு. காளவாசல்ல சேவல் போர்டு. முன்னாடி போற பஸ்ஸு பின்னாடி சேவல். உசிலம்பட்டி வரைக்கும் எங்க பாத்தாலும் நீங்கதான் மாமா. நான் எந்த வழியா ஊருக்குப் போவேன்?"

இத்தனை மாசம் அவன் வெளிய ஓடத்தான் துடிக்கிறான்னு நினைச்சுத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன் தாயி. அவன் வெளியைப் பாத்துப் பயந்துபோய்க் கெடந்திருக்கான். வெளியன்னா அது நான்தான். முப்பது வருசமா ஒவ்வொரு போர்டா நான் மாட்டினது.

நீ உள்ள போய்ப் பையைக் கீழ வச்ச, கதவச் சாத்தின, உள்ள இருந்து ரெண்டு தட்டு தட்டின. தாழ்ப்பாளைப் போடுன்னு அர்த்தம். போட்டேன். என் தங்கச்சியையும் உள்ள வச்சு என் கையாலயே பூட்டினேன். கீழ வந்து உக்காந்தவன் இன்னும் எந்திரிக்கல.

நான் என்ன செய்யணும்னு சொல்லு. எழுதித் தள்ளு, போதும்.

முத்திருளன்


(அதே தாளின் பின்பக்கம்)

16-9-2024

அண்ணனுக்கு,

விடியக்காலம் கொஞ்சம் கண்ணசந்தேன். ஃபேன் சத்தம் பழகிருச்சு. சமையக்காரம்மாட்ட சோத்துக்கு உப்புக் கம்மின்னு சொல்லுங்க, பிள்ளை எப்படித்தான் இத்தனை நாளாத் திங்கிறானோ.

இவன் ராத்திரியெல்லாம் பேசினான். நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இவுக அப்பா என்கிட்ட இப்படி ஒரு நாள் பேசியிருந்தா தேவலையேன்னு இருந்துச்சு.

செய்ய வேண்டியது இதுதான். நாளைக்குக் காலையில ஒரு ஆட்டோ வரச் சொல்லுங்க. உங்க கார் வேணாம், அதுலயும் சேவல் ஒட்டியிருக்கு. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். குடியை நிறுத்துறதுக்கு அங்க வார்டு இருக்கு. களவாணி மாதிரி வந்துட்டுப் போற வைத்தியம் எம் மகனுக்கு வேணாம். அவன் பேரு, அப்பன் பேரு, ஊரு, எல்லாம் உள்ளபடி எழுதணும். கூட்டிட்டு வந்தவர்னு ஒரு எடம் இருக்கும். அதுல நீங்க கையெழுத்துப் போடணும். டாக்டர் எப்படி ஆரம்பிச்சதுன்னு கேட்டா நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், அவனும் சொல்ல மாட்டான்.

போற வழியில போர்டைப் பாக்காம இருக்க ஆட்டோவுக்கு ரெண்டு பக்கமும் படுதா கட்டச் சொல்லுங்க. அவனை நான் மடியில சாச்சுக்கிறேன்.

ஒச்சாயி


வேப்பனூத்து,
30-10-2024

அண்ணனுக்கு,

நாங்க ஊருக்கு வந்து நாலு நாளாச்சு. ஜெயபாண்டிக்குக் கை நடுக்கம் நின்னிருக்கு. சோறு இறங்குது. மாத்திரை நான் எடுத்துக் குடுத்தாத்தான் வாங்கிக்கிறான். எனக்கும் உடம்பு பரவாயில்ல. உங்களுக்குப் பிரசர் எப்படி? டிவியில பாத்தப்ப மூஞ்சி வீங்கின மாதிரி இருந்துச்சு.

டிவியப் பத்தித்தான் எழுத வந்தேன்.

சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முந்தி நீங்க பேப்பர்காரங்களைக் கூட்டிப் பேசினது வார்டுல ஓடுச்சு. ஒருத்தர் கேட்டாரு, "ஜெயபாண்டி முழங்கால் எப்படி இருக்கு?"ன்னு. நீங்க மைக்கைப் பிடிச்சு, "முழங்காலுக்கு ஒண்ணுமில்ல. என் பீரைக் குடிச்சுக் கெட்டுப்போய்ப் பெரியாஸ்பத்திரியில கெடக்கான். அவன் என் தங்கச்சி மகன். குடுத்தவன் நான்"ன்னு சொன்னீங்க. பக்கத்துல உக்காந்திருந்த கோட்டுப் போட்ட ஆலைக்காரங்க மூஞ்சியெல்லாம் செத்துப்போச்சு. வார்டே திரும்பி எங்க கட்டிலைப் பாத்துச்சு.

ஆஸ்பத்திரி நோட்டுல அவன் பேரை எழுதச் சொன்னது நான்தான். மைக்குல சொல்லச் சொன்னேனா? அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? மறைச்சப்பவும் கேக்கல, சொன்னப்பவும் கேக்கல. உங்களுக்கு மனசு பாரம் தாங்கலைன்னா, எறக்கி வைக்க எம் பிள்ளைதான் கெடைச்சானா?

ரெண்டு நாள் போர்வையை மூடிக்கிட்டுக் கெடந்தான், பச்சத்தண்ணி குடிக்கல. மூணாம் நாள் பக்கத்துக் கட்டில்காரர், கோரிப்பாளையத்துல பிரியாணிக்கடை வச்சிருக்கிற பாய், போர்வைய விலக்கி, "தம்பி, இனி உனக்கு மறைக்க ஒண்ணுமில்ல, எனக்குத்தான் இன்னும் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது, எனக்காக வேண்டிக்க"ன்னாரு. அதுக்குச் சிரிச்சான். அஞ்சாறு மாசத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சான். எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சான்.

அதனால உங்க மேல பாதிக் கோவந்தான் மிச்சம். அந்தப் பாதி அப்படியேதான் இருக்கு.

ஒப்பந்தத்தை ரத்துப் பண்ணி எழுதி அனுப்புங்க. இனி அவன் நெஞ்சுல அந்தப் படம் ஏறக் கூடாது.

ஒச்சாயி


மதுரை,
2-2-2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் மருமகனும் சொகமா? மூணு மாசமா எழுதல. எழுத உக்காருவேன், உன் லெட்டர்ல "அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா"ங்கிற எடத்துக்கு வந்ததும் பேனாவை மூடிருவேன். நீ கேட்டது சரி. அறுவத்தஞ்சு வயசுல எனக்கு அது தெரியல.

ஒப்பந்தம் ரத்தான தாளு அப்பவே சத்யா கையில குடுத்து அனுப்பினேன், வந்து சேந்திருக்கும்.

டீம் இப்ப என்னுது இல்ல தாயி.

நவம்பர்ல ஆலை டைரக்டருங்க கூட்டம் நடந்துச்சு. பனியன்ல இருந்து சேவலை எடுத்துருவோம், வெறும் செவப்புத் துணியோட வெளாடட்டும்னு சொன்னேன். ஒருத்தன், என் பேரன் வயசு இருக்கும், "சார், சேவல் இல்லாம நமக்கு எதுக்கு டீம்?"னான். சேவலுக்காகத்தான் டீம்னு அவங்களுக்கெல்லாம் ஆரம்பத்துல இருந்தே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரிஞ்சும் மனசுல ஏறல. கையைத் தூக்கி ஓட்டுப் போட்டாங்க. டீம் வேற ஊர்க்காரங்களுக்குப் போயிருச்சு. சிவபாண்டியும் அவங்களோட போயிட்டான். போறப்ப வீட்டுக்கு வந்து, "அந்த ஃபிரிட்ஜை நானே தூக்கி வெளிய போட்டிருக்கணும்யா"ன்னு அழுதான். அவன் எதுக்கு அழணும்?

அப்ப ஆலையை விட்டு நான் வெலகுறேன்னேன். அது ஆகாதாம். லைசென்சு என் பேர்ல இருக்கு. நான் வெலகினா புதுசா வாங்குற வரைக்கும் அடுப்பை அணைக்கணும், எண்ணூறு குடும்பம் வேலையில்லாம நிக்கும், அதுல பாதி நம்ம பக்கத்து ஆளுங்க. போன வாரம் பத்துப் பேர் வீட்டுக்கே வந்து, "ஐயா, நீங்க போயிறாதீங்க"ன்னு கையைப் பிடிச்சாங்க. இருக்கேன்னு சொல்லிட்டேன். ஆசைப்பட்ட டீம் போயிருச்சு, கண்ணுல காட்டாதன்னு சொல்ற ஆலை மட்டும் எங்கூடவே நிக்குது. தினமும் ஒம்பது மணிக்குப் போய் அந்த வாடைக்குள்ள உக்காந்துட்டு வாரேன். வெளிய போற லாரியை எண்ணாம இருக்க சன்னலுக்குத் தெரை போட்டிருக்கேன்.

ஹாஸ்டலைக் காலி பண்ணியாச்சு. சத்யா தனியா க்ளினிக் போட்டிருக்கா. வீட்டுல நான் மட்டுந்தான். மாடி ரூம் தாழ்ப்பாளைக் கழட்டச் சொல்லி ஆசாரியக் கூப்பிட்டேன், அவரு கழட்டிட்டுப் போயிட்டாரு. ஆணி அடிச்ச நாலு ஓட்டை இருக்கு. அங்க நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்.

ஒரு வாட்டி வந்து அவனைப் பாக்கவா? உள்ள வரலேன்னாலும் சரி, தெருவுல நின்னு பாத்துட்டுப் போயிர்றேன். வேணாம்னா வேணாம்னு எழுது.

முத்திருளன்


வேப்பனூத்து,
9-2-2025

அண்ணனுக்கு,

நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். சொகம்னு எழுத இன்னும் பயமா இருக்கு, அதனால இருக்கோம்னு எழுதுறேன். பெரியாஸ்பத்திரிக்குப் போன அன்னையில இருந்து நூத்திநாப்பத்தஞ்சு நாளாச்சு. அவன் எண்ணுறதில்ல, நான்தான் எண்ணுறேன். பொங்கலன்னைக்குக் கை நடுக்கம் திரும்ப வந்துச்சு, கதவைச் சாத்திட்டு உள்ள இருந்தான். நானும் கூட இருந்தேன். சாயந்தரம் தெளிஞ்சிருச்சு.

உங்க லெட்டரை அவன்ட்டப் படிக்கக் குடுத்தேன். இனி அவனைக் கேக்காம நாம ரெண்டு பேரும் எதையும் முடிவு பண்ண வேணாம். படிச்சுட்டு மடிச்சு வச்சான். அப்புறம், "மாமாவுக்கும் வெளிய வர வழியில்ல போல"ன்னான். "வரச் சொல்லு"ன்னான்.

வாங்க. தெருவுல நிக்க வேணாம், உள்ள வந்து சாப்பிடுங்க. இருவத்திமூணாந்தேதி ஞாயித்துக்கிழமை. கார்ல வராதீங்க. உசிலம்பட்டி வந்து, அங்க இருந்து டவுன் பஸ்ஸுல ஏறுங்க.

பஸ் ஸ்டாப்புல உங்களைக் கூட்டிட்டு வர அவனே போறேங்கிறான். நான் வாரேன்னாலும் கேக்க மாட்டேங்கிறான். அந்த ஸ்டாப்புக்கு நேர் எதுத்தாப்ல ஒயின்ஷாப்பு. ஊருக்கு வந்ததுல இருந்து அந்தப் பக்கம் அவன் தனியாப் போனதில்ல. போகணும்னா நான் கூடப் போவேன், இல்ல காட்டு வழியாச் சுத்திப் போவோம்.

அதனால பத்து நாப்பது பஸ்ஸுலயே வந்துருங்க அண்ணே. அதை விட்டா அடுத்தது பன்னெண்டேகாலுக்குத்தான், கடையைப் பன்னெண்டுக்கே தொறந்துருவாங்க. நீங்க எறங்குற வரைக்கும் அவன் அங்கனயே நிப்பான்.

ஒச்சாயி